உங்கள் நிரலை யார் வாசிப்பார்கள்?

கணினி நிரலாக்கம் படிக்க எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அங்கே நீங்கள் எழுதும் நிரலை யார் வாசிப்பார்கள்? பெரும்பாலானவர்கள் ஒரு நொடி தயங்குகிறார்கள். ரேங்க் எத்தனை, வளாகம் எப்படி, எந்தெந்த நிறுவனங்கள் ஆள் எடுக்க வருகின்றன என்பதற்கெல்லாம் பதில் கையில் இருக்கும். நிரலை வாசிப்பதா, அதைக் கம்ப்யூட்டர்தானே வாசிக்கும் என்பார்கள்.

கம்ப்யூட்டர் வாசிக்கும், சரி. ஆனால் நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலருக்குத் தெரிந்தது, எழுதியது மொழியின் விதிக்குள் இருக்கிறதா என்பது மட்டும். நீங்கள் என்ன நினைத்து எழுதினீர்கள் என்று அதற்குத் தெரியாது. வேலைக்குப் போன பிறகு இன்று நீங்கள் எழுதுவதைச் சில வருடம் கழித்து உங்கள் முகமே தெரியாத ஒருவர் திறந்து பார்ப்பார், மாற்றுவார், அதன் மேலே இன்னொன்றைக் கட்டுவார். அவருக்குப் புரிகிற மாதிரி எழுதப் பழகுவதற்குத்தான் மூன்று நான்கு வருடப் படிப்பே. அந்தப் பழக்கம் தானாக வராது. யாராவது வாசித்து, இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று சொன்னால்தான் வரும்.

எல்லாரும் முதலாண்டில் படிக்கும் ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். வரிசைப்படுத்திய பட்டியலில் ஒன்றைத் தேடும் பைனரி சர்ச். பட்டியலின் நடுவைப் பார்க்க வேண்டும். தேடுவது அதைவிடச் சிறியது என்றால் முன்பாதி, பெரியது என்றால் பின்பாதி. மறுபடியும் அதன் நடு. நடுவைக் கண்டுபிடிக்கக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். ஜாவா மொழியோடு ஆயத்தமாக வரும் நிரல்களின் தொகுப்பிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006ல், அதில் ஒரு பிழை இருக்கிறது, சுமார் ஒன்பது வருடமாக யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது என்று எழுதினார். ஜாவாவின் சாதாரண முழு எண்ணுக்கு 32 பிட்; அதில் அடங்கும் உச்ச எண் 2,147,483,647. பட்டியலில் சுமார் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால், இரண்டு எல்லைகளையும் கூட்டும்போது அந்த உச்சத்தைத் தாண்டி விடை எதிர்ம எண்ணாகப் புரண்டுவிடும். நடு என்று கிடைப்பதும் எதிர்ம எண். அங்கேயே நிரல் நின்றுபோகும். கீழ் எல்லையோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கூட்டினால் இந்தச் சிக்கல் வராது. ஒரே வரி மாற்றம்.

இந்த நிரல் தனக்கு வைத்த சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது என்பதைக் கவனியுங்கள். ஒரு மாணவர் இதையே எழுதிக் கொடுத்தால் எந்தத் தானியங்கித் திருத்தியும் முழு மதிப்பெண் போட்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற ஓர் ஆசிரியர்தான், "இந்தக் கூட்டல் எப்போதும் அடங்குமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைப் பதினெட்டு வயதில் ஒருமுறை கேட்டுவிட்டவர், அதன் பிறகு எந்தக் கூட்டலைப் பார்த்தாலும் அதைத் தனக்குள் கேட்டுக்கொள்வார். நல்ல கல்லூரி என்று நான் சொல்வது இது நடக்கிற இடத்தை.

பாடம் கேட்பது இன்று எங்கும் கிடைக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போடப் போவதாக 2001ல் அறிவித்தது. ஹார்வர்டின் சிஎஸ்50 பாடத்தை உலகின் எந்த மூலையில் இருந்தும் யாரும் பார்க்கலாம், பயிற்சிகளைச் செய்து பார்க்கலாம். விரிவுரை மட்டும்தான் வேண்டும் என்றால் கல்லூரிக்கே போக வேண்டியதில்லை. அப்படியானால் கட்டணம் எதற்குக் கட்டுகிறோம்? பட்டம் கிடைக்கிறது, அது வேண்டும். கூடப் படிப்பவர்கள் கிடைக்கிறார்கள், அது இன்னும் பெரிய விஷயம். அப்புறம், நாம் எழுதியதை அனுபவமுள்ள ஒருவர் வாசித்துத் திருத்துவது. இணையத்தில் தேடி அலையாமல் கிடைக்காதது இந்த மூன்றாவதுதான். அதைத் தராத கல்லூரி எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும், கட்டணத்தில் பாதிக்குத்தான் அங்கே பொருள் கிடைக்கிறது என்பேன்.

ரேங்க் பட்டியல்களை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. எதை அளக்கின்றன என்று தெரிந்துகொண்டு பாருங்கள். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்த 2003ல் தொடங்கிய ஷாங்காய் பட்டியல், ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் பணிபுரிபவர்களும் வாங்கிய நோபல் பரிசுகளையும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கங்களையும், நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வந்த கட்டுரைகளையும் எண்ணுகிறது. கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருதுக்கு அதன் ஒட்டுமொத்தப் பட்டியலில் இடமில்லை. க்யூஎஸ் பட்டியலில் அதிக எடை, மற்ற கல்வியாளர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போகிறவருக்கு இவையெல்லாம் பயன்படும். முதலாண்டு மாணவியின் அசைன்மென்ட்டை யார் திருத்துகிறார்கள் என்பதைப் பற்றி இவற்றில் ஒரு எண்கூட இல்லை.

அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்வது? என் அண்ணன் மகள் கல்லூரி தேடியபோது கேட்டாள்: "சித்தப்பா, போய்ப் பார்த்தா எல்லா இடத்துலயும் லேப்பைத்தான் காட்டறாங்க. வேற என்னத்தப் பார்க்கறது?" இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கண்டுபிடித்து, கடைசியாகக் கொடுத்த அசைன்மென்ட் திரும்பி வந்தபோது அதில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கேள் என்றேன். நானும் கூடப் போனேன்.

ஓரிடத்தில் கிடைத்த பதில், "இருபதுக்குப் பதினெட்டு." வேறேதாவது? "இல்லையே, மார்க் மட்டும்தான் வரும்." லேப் புத்தம் புதிது, வரிசை வரிசையாகப் பெரிய திரைகள். இன்னொரு கல்லூரியில் கட்டடம் பழையது. அங்கே ஒரு மாணவி கேட்டதும் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். நூலகத்தில் புத்தகம் கடன் கொடுக்கும் ஒரு சின்ன நிரல். ஓரத்தில் வரிசையாகக் குறிப்புகள். ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் மாறிக்கு அவள் 'டெம்ப்2' என்று பெயர் வைத்திருந்தாள், பக்கத்தில், "இதில் இருப்பது திருப்பித் தர வேண்டிய தேதி. பெயரிலேயே அதைச் சொல்லலாமே?" இன்னும் கீழே, "பட்டியல் காலியாக இருந்தால் இந்த லூப் என்ன செய்யும்?" ஒரே ஐந்து வரி மூன்று இடத்தில் ஒட்டியிருந்தது, அங்கே, "நாளைக்கு அபராத விகிதம் மாறினால் எத்தனை இடத்தில் மாற்றுவாய்?" அந்தப் பெண் திருத்தி மறுபடி அனுப்பியிருந்தாள். அதையும் வாசித்து, "இப்போது நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி. மூன்று கேள்விகளும் எவ்வளவு சாதாரணமானவை! வேலைக்குச் சேர்ந்து பல வருடம் ஆனவர்களுக்கும் நான் அலுவலகத்தில் எழுதுகிற குறிப்புகள் இவைதான். இரண்டாம் ஆண்டிலேயே இதைக் கேட்டுப் பழகிவிட்டவளை நினைத்து எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. என் அண்ணன் மகள் அங்கேதான் சேர்ந்தாள்.

வகுப்பில் முந்நூறு பேர் இருந்தால் ஓர் ஆசிரியர் எப்படி எல்லாவற்றையும் வாசிப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனம் வைத்தால் வழி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் தொடக்கநிலை நிரலாக்க வகுப்புகளுக்கு மூத்த மாணவர்களையே குழுத் தலைவர்களாக நியமிக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் மாதிரி. அசைன்மென்ட் கொடுத்த பிறகு மாணவரோடு உட்கார்ந்து அவருடைய நிரலைப் பேசித் திருத்துவது அந்த வேலையின் ஒரு பகுதி. பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. இதில் இரட்டை லாபம்: சின்னவர்களுக்கு வாசிக்க ஆள் கிடைக்கிறது, பெரியவர்களுக்கு அடுத்தவர் நிரலை வாசிக்கும் பயிற்சி கிடைக்கிறது. இதற்குப் பெரிய செல்வம் தேவையில்லை. ஆகவே மாணவர்–ஆசிரியர் விகிதம் என்று விளம்பரத்தில் போடும் எண்ணோடு நிற்காமல், இப்படி ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். தானியங்கித் திருத்தி மோசம் என்று சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு நிரலை அனுப்பி உடனே விடை பெறுவது பெரிய வசதி. அதோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான்.

எந்த மொழியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பெற்றோர்கள் மிகவும் கவலைப்படுகிறார்கள். இதற்கு அவ்வளவு தவிக்க வேண்டாம். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏபி கணினித் தேர்வு 1980களில் பாஸ்கலில் தொடங்கி, 1999ல் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாறி, சில வருடத்திலேயே ஜாவாவுக்குப் போனது. எம்ஐடி தன் முதல் பாடத்தை ஸ்கீமிலிருந்து பைத்தானுக்கு மாற்றியது. மொழி மாறிக்கொண்டேதான் இருக்கும். பைத்தானில் தொடங்கினாலும் சி மொழியில் தொடங்கினாலும், படித்து முடிப்பதற்குள் குணத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு மூன்று மொழிகளில் கொஞ்சம் பெரிய நிரல்களை எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாடத்திட்டத்தில் நான் முதலாண்டைப் பார்ப்பதில்லை. அது எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டாம் மூன்றாம் ஆண்டைத் திறந்து, ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பேன். இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஷெட்யூலிங் என்றால் என்ன, டெட்லாக் வர எத்தனை நிபந்தனைகள் என்று எழுதவைத்து முடித்துவிடுவார்கள். இன்னொன்றில் ஒரு சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே கையில் கொடுத்து மாற்றச் சொல்வார்கள். அதற்கென்றே செய்தவை இருக்கின்றன: ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் 1987ல் வெளியிட்ட மினிக்ஸ், எம்ஐடியில் 2006ல் உருவான எக்ஸ்வி6. இந்த எக்ஸ்வி6, யூனிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பழைய ஆறாம் பதிப்பை அடியொற்றி எழுதியது. சில ஆயிரம் வரிகள்தான் என்பதால் ஒரு மாணவர் முழுவதையும் வாசித்து முடிக்க முடியும். வேறொருவர் எழுதிய ஒரு முழு சிஸ்டத்தை வாசித்து, எங்கே கை வைத்தால் எங்கே இடிக்கும் என்று கண்டுபிடித்து, புதிதாக ஒரு சிஸ்டம் கால் (மற்ற நிரல்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் ஒரு வேலையைக் கேட்கும் வழி) சேர்க்கும்போது ஒரு மாணவருக்கு வரும் தைரியம் இருக்கிறதே, அதை வேறெந்தப் பாடமும் தராது. வேலைக்கு வரும் இளைஞர்களில் இதைச் செய்தவர்களைப் பேச ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிடலாம். தெரியாத நிரலைக் கண்டால் அவர்கள் பயப்படுவதில்லை. டேட்டாபேஸ், நெட்வொர்க், கம்பைலர் பாடங்களுக்கும் இதே கேள்விதான்: எழுதித் தேறுவதா, கட்டித் தேறுவதா?

ஒரு பாடத்திட்டம் முழுமையானதா என்று ஒப்பிட அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கக் கணினியாளர் சங்கமான ஏசிஎம் 1968லேயே இளநிலைப் பட்டத்துக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. அதன் வழிவந்த புதிய பதிப்பு சிஎஸ்2023. ஏசிஎம்மோடு ஐட்ரிபிள்இ கணினிச் சங்கமும் செயற்கை நுண்ணறிவுச் சங்கமான ஏஏஏஐயும் சேர்ந்து தயாரித்தது. 17 அறிவுப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் இலவசம். கல்லூரியின் சிலபஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு மாலையில் பார்த்துவிடலாம்.

பட்டத்தின் பெயர் ஆளுக்கொரு விதமாக இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ், சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், தகவல் தொழில்நுட்பம், இப்போது செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்று. பெயரை விடுங்கள், உள்ளே இருக்கும் பாடங்களை ஒப்பிடுங்கள். புதுப் பெயருக்கு இடம் கொடுக்க ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையோ அல்காரிதத்தையோ நிகழ்தகவையோ எடுத்துவிட்டிருந்தால் எனக்குச் சம்மதமில்லை. அடிப்படை இருந்தால் மேலே எதையும் பிறகு படித்துக்கொள்ளலாம். கணக்கு குறைவாக இருக்கிறது என்பதற்காக ஒரு பட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது பின்னால் வந்து கேட்கும். வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால், கணினிப் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்பதற்காக 2008ல் ஏற்பட்ட சியோல் உடன்பாட்டின் கீழோ, பொறியியல் பட்டங்களுக்கான 1989ஆம் வருட வாஷிங்டன் உடன்பாட்டின் கீழோ அந்தப் படிப்பு வருகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பு எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சம்பளம் 4, ஒருவருக்கு மட்டும் 64 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 10. அந்தப் பத்தை வாங்கியவர் அந்த வகுப்பில் யாருமே இல்லை. ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள். எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வேலை என்றால், அந்த நூறு யார் என்றும் கேளுங்கள். சேர்ந்தவர்கள் எல்லாருமா, தகுதி பெற்றவர்கள் என்று கல்லூரியே வடிகட்டியவர்களா? கிடைத்த வேலை நிரல் எழுதும் வேலைதானா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லும் கல்லூரி, மற்ற விஷயங்களிலும் நேராக இருக்கும் என்று நம்பலாம்.

படிக்கும்போதே வேலை செய்ய வழி இருந்தால் நல்லது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957ல் தொடங்கிய நாள் முதலே, சில மாதம் வகுப்பு, சில மாதம் சம்பளத்தோடு வேலை என்று மாற்றி மாற்றி நடத்துகிறது. இன்று பல நாடுகளில் இந்த மாதிரி உண்டு. இங்கேயும் என் கேள்வி மாறாது: அந்த வேலையில் உங்கள் நிரலை யாராவது வாசித்தார்களா? ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டுக் கடைசி நாளில் சான்றிதழ் கொடுக்கும் இன்டர்ன்ஷிப்பால் பயன் குறைவு.

இப்போது எல்லாரும் கேட்பது, ஏஐயே நிரல் எழுதித் தரும்போது இந்தப் படிப்பு எதற்கு என்று. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு, அசைன்மென்ட்டைத் தானே எழுதாமல் கொடுத்துவிடுவது மிகவும் எளிதாகிவிட்டது. எழுதுவது இவ்வளவு மலிவானதால் வாசிக்கத் தெரிவது முன்பைவிட முக்கியம் ஆகிவிட்டது என்பது என் உறுதியான எண்ணம். பைனரி சர்ச்சை மெஷின் எழுதித் தரும். அந்தக் கூட்டல் அடங்குமா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். கல்லூரிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று அவசியம் கேளுங்கள். ஏஐக்கு முழுத் தடை என்று ஓர் அறிவிப்பு ஒட்டிவிட்டு விட்டுவிடுகிறார்களா? தேர்வைத் தாளில் பேனாவால் எழுதவைத்துத் தப்பித்துக்கொள்கிறார்களா? மாணவரை எதிரில் உட்காரவைத்து, "இந்த ஃபங்ஷன் ஏன் இப்படி? இதை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்களா? மூன்றாவதைச் செய்யும் கல்லூரி கிடைத்தால் கொஞ்சம் தூரமாக இருந்தாலும் போகலாம். அதற்கு ஆசிரியர்களின் நேரம் ஏகப்பட்டது செலவாகும். அந்த நேரத்தைக் கொடுக்கத் தயாராக இருப்பதே அவர்களைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது.

கூடப் படிப்பவர்களைப் பற்றியும் கேளுங்கள். கல்லூரியில் நிரலாக்கப் போட்டிக் குழு இருக்கிறதா? கல்லூரி மாணவர்களுக்கான உலகளாவிய ஐசிபிசி நிரலாக்கப் போட்டியில் மூன்று பேர் கொண்ட அணிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம். ஒருவர் தட்டச்சு செய்யும்போது மற்ற இருவரும் காகிதத்தில் யோசித்துக்கொண்டும், அவர் எழுதியதில் பிழை தேடிக்கொண்டும் இருப்பார்கள். பரிசு வராவிட்டாலும் பரவாயில்லை, ஒருவர் நிரலை ஒருவர் வாசிக்கும் பழக்கம் அங்கே நன்றாக வரும். நிரலை யாரும் வாசித்து மாற்றக்கூடிய திறந்த மூலத் திட்டங்களில் சேர்ந்து வேலை செய்யும் குழு இருந்தாலும் அப்படித்தான்.

கட்டணத்தைப் பொறுத்தவரை என் கருத்து சுருக்கமானது. இரண்டு கல்லூரிகளிலும் நிரலை வாசிக்க ஆள் உண்டு என்றால் குறைந்த கட்டணத்தில் சேருங்கள். பெரிய கடனோடு வெளியே வரும் இளைஞர் முதலில் கிடைத்த வேலையை விடவே முடியாமல் தவிப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

எல்லாருக்கும் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்காது என்பதும் தெரியும். மதிப்பெண்ணோ பணமோ வீட்டுச் சூழ்நிலையோ ஒரே ஒரு கல்லூரியைத்தான் விட்டுவைக்கும். அங்கே மார்க் மட்டும்தான் திரும்பி வரும் என்றால், வாசிப்பவரை வெளியே தேடுங்கள். எக்ஸர்சிசம் என்ற தளத்தில் பயிற்சி நிரலை எழுதி அனுப்பினால், தன்னார்வலர்கள் வாசித்துக் கருத்துச் சொல்கிறார்கள், கட்டணம் கிடையாது. லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கு யார் மாற்றம் அனுப்பினாலும் அதை மற்றவர்கள் வரிவரியாகக் கேள்வி கேட்பது மின்னஞ்சலில் எல்லார் பார்வைக்கும் இருக்கிறது. அனுப்பாவிட்டாலும் அந்த உரையாடல்களை வாசிக்கலாம். ஆசிரியர்களில் ஒருவராவது இதில் ஆர்வமுள்ளவராக இருப்பார். அவரிடம் போய், "நான் எழுதியதில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டு வரும் மாணவரைத் திருப்பி அனுப்ப அநேகமாக எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. வகுப்பில் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டு, வாரம் ஒருநாள் ஒருவர் நிரலை இன்னொருவர் சத்தமாக வாசித்து விளக்கிப் பாருங்கள், எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. வாசிப்பவர் எங்கே திக்குகிறாரோ, மாற்றி எழுத வேண்டிய இடம் அது.